லேபிள் தானாக மாற வேண்டும் என்றால், முதலில் எந்த லேபிள்?

கேள்வி சுருக்கமாக இது: மேற்கு மாம்பலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். நூற்றிருபது ஜிஎஸ்டி கிளையன்ட்டுகளின் மாத வேலை முழுவதும் டூடூயிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் ஆப்பில் இருக்கிறது. 'அவசரம்', 'காத்திருப்பு', 'ஓடிபி_வந்தது', 'அடுத்து' என்று நான்கு லேபிள்கள். தினமும் காலையில் யாராவது ஒருவர் உட்கார்ந்து இவற்றை மாற்றவே அரை மணி நேரம் போகிறது. புது மாதம் பிறந்தாலும் போன மாத லேபிள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கோடிங் கொஞ்சம் தெரியும், இதைத் தானியங்கியாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் நான்கு லேபிளும் நான்கு விதம். எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் அடைத்தால் சீக்கிரமே ஆபீஸில் யாரும் லேபிளை நம்ப மாட்டார்கள், பழையபடி வாட்ஸ்அப்பில் "அந்தப் பார்ட்டி என்னாச்சு" என்று கேட்டுக்கொள்வார்கள். அதனால் கோடிங்குக்கு முன்னால் ஒன்றைப் பிரித்துவிடுவோம். ஒரு லேபிளைத் தேதியையும் வரிசையையும் பார்த்து இயந்திரமே கணக்கிட்டுவிட முடியுமா? அல்லது கிளையன்ட்டிடம் பேசியவருக்கு மட்டும்தான் அது தெரியுமா? முதல் வகையை ஸ்கிரிப்ட் எழுதட்டும். இரண்டாம் வகையை அது படிக்கலாம், ஒருபோதும் எழுதக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு எல்லைக்கோட்டைக் காப்பாற்றுவதற்குத்தான்.

'அவசரம்' லேபிளில் தொடங்குவோம், ஏனென்றால் அதைத் தூக்கியே விடலாம். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 என்றால் 11, வரிக் கணக்கைத் தரும் ஜிஎஸ்டிஆர்-3பி என்றால் 20, டிடிஎஸ் கட்ட 7, பிஎஃப் - இஎஸ்ஐ 15 என்று எல்லாமே தேதி. டியூ டேட் நெருங்கினால் அவசரம், அவ்வளவுதானே? அதற்கு லேபிள் எதற்கு? ஃபில்டர் போதும். டியூ டேட் இன்னும் மூன்று நாளுக்குள் இருப்பவை, அவற்றில் 'காத்திருப்பு' லேபிள் இல்லாதவை என்று ஒரு ஃபில்டர் எழுதுங்கள். & குறி இரண்டு நிபந்தனையும் பொருந்த வேண்டும் என்பதற்கு, | ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்பதற்கு, ! இல்லாதவற்றுக்கு. இரண்டு ஃபில்டருக்கு நடுவே காற்புள்ளி போட்டால் ஒரே திரையில் இரண்டு தனிப் பட்டியலாக வரும். திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படுவதால் ஃபில்டருக்குப் பழசாகும் பிரச்சினையே இல்லை. லேபிள் அப்படியல்ல. யாராவது மாற்றும் வரை பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். இலவசக் கணக்கில் ஃபில்டர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு மட்டும் நவம்பர் மாத 3பி-யின் கடைசி நாளை 20-இல் இருந்து 27-க்குத் தள்ளினார்கள். உங்கள் ஸ்கிரிப்ட்டுக்குள் '20' என்று எழுதி வைத்திருந்தால் அந்த வாரம் முழுக்க அது பொய் சொல்லியிருக்கும். கோயம்புத்தூர் கிளையன்ட்டுக்கு 20, கிண்டி கிளையன்ட்டுக்கு 27 என்பதெல்லாம் அதற்கு எங்கே தெரியும்? தேதி வேலையில் இருக்கட்டும், அல்லது ஒரு கூகுள் ஷீட்டில் தனி அட்டவணையாக இருக்கட்டும். கோடுக்குள் வேண்டாம். காலாண்டுத் திட்டத்தில் இருக்கும் சின்ன கிளையன்ட்டுகளுக்கு, அதாவது விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்களுக்கு, தமிழ்நாட்டில் 3பி 22ஆம் தேதி, முதல் இரண்டு மாத வரிக்கு 25 என்று வேறு கணக்கு. அட்டவணை இருந்தால் இதுவும் ஒரு வரிசையைச் சேர்ப்பதோடு முடிந்துவிடும்.

அடுத்தது 'அடுத்து'. இதுதான் தானியங்கிக்கு அளவெடுத்துத் தைத்த லேபிள், ஃபில்டரால் முடியாததும்கூட. ஒரு கிளையன்ட் என்றால் ஒரு தாய் வேலை, அதன் கீழே வரிசையாக ஐந்து சப்-டாஸ்க்: சேல்ஸ் பில் வாங்குவது, ஜிஎஸ்டிஆர்-1 ஃபைல் செய்வது, 14ஆம் தேதி 2பி (கொள்முதலில் கட்டிய வரிக்கான இன்புட் கிரெடிட் பட்டியல்) வந்ததும் பர்சேஸோடு ஒப்பிடுவது, சலான் போட்டு வரி கட்டச் சொல்வது, ஓடிபி வாங்கி 3பி ஃபைல் செய்வது. இந்த ஐந்தில் முடியாமல் இருப்பவற்றில் முதலாவது எது என்று ஃபில்டருக்குக் கேட்கத் தெரியாது. அதற்கு லேபிளும் தேதியும் தெரியும், அண்ணன் தம்பி உறவு தெரியாது. ஸ்கிரிப்ட்டுக்கு அது சுலபம். ஒவ்வொரு தாய் வேலைக்கும் முடியாத சப்-டாஸ்க்குகளை வரிசை எண்படி அடுக்கி, முதலில் நிற்பதற்கு லேபிள், மற்றவற்றிலிருந்து நீக்கம். இதே எண்ணத்தில் ஆட்டோடூயிஸ்ட் என்ற பைத்தான் திறமூல ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. ப்ராஜெக்ட் பெயரின் கடைசியில் குறி போட்டு 'வரிசையாகச் செய்ய வேண்டியவை', 'ஒரே நேரத்தில் செய்யக்கூடியவை' என்று பிரிக்கும். கோடைப் படித்துப் பார்க்க நல்லது. உங்கள் தேவைக்குச் சொந்தமாக எழுதுவதே சிறியதாக முடியும்.

ஒரு விதி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் நிற்கும் சப்-டாஸ்க்கில் 'காத்திருப்பு' இருந்தால் அந்தக் கிளையன்ட்டுக்கு 'அடுத்து' யாருக்குமே கிடையாது. அதைத் தாண்டி இரண்டாவதற்குத் தாவாதீர்கள். சேல்ஸ் பில்லே வராதபோது ஜிஎஸ்டிஆர்-1-ஐ 'அடுத்து' என்று காட்டினால், ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் இருக்கும் பையன் நம்பித் திறந்து பார்த்துவிட்டுத் திட்டுவான்.

'காத்திருப்பு' மனிதர் போடுவது, மனிதரே எடுப்பது. பேங்க் ஸ்டேட்மென்ட் மெயிலில் வந்துவிட்டால் லேபிளை எடுத்துவிடும்படி ஸ்கிரிப்ட் எழுதலாமா என்று தோன்றும். வேண்டாம். வந்த ஃபைலில் பாதி மாதம்தான் இருக்கும், அல்லது வேறு கணக்கின் ஸ்டேட்மென்ட்டாக இருக்கும். சௌகார்பேட்டை மொத்த வியாபாரி ஒருவர் ஒரே மெயிலில் மூன்று கம்பெனி பில்லையும் சேர்த்து அனுப்புவார். இதைத் திறந்து பார்த்தவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் எத்தனை நாளாகக் காத்திருக்கிறோம் என்பதை இயந்திரம் எண்ணலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு லேபிள் எப்போது ஒட்டப்பட்டது என்று வேலையின் விவரத்தில் இருக்காது. 'கடைசியாகத் திருத்திய நேரம்' அதற்கு உதவாது, ஏனென்றால் பெயரில் ஒரு எழுத்து மாற்றினாலும் அது மாறிவிடும். ஆகவே ஷீட்டில் ஒரு பக்கம் வைத்து, 'காத்திருப்பு' முதன்முதலில் கண்ணில் பட்ட நாளை வேலை எண்ணோடு எழுதி வையுங்கள். இரண்டு நாள் தாண்டினால் 'தா_நினைவூட்டு' ('தா' என்றால் தானியங்கி) என்று ஸ்கிரிப்ட் தன் சொந்த லேபிளைச் சேர்க்கட்டும். 'காத்திருப்பு' போய்விட்டால் அந்த வரியை அழித்து, தன் லேபிளையும் எடுத்துவிடட்டும். ஏன் இரண்டு நாள் என்றால், 2பி வருவதற்கும் 3பி-க்கும் நடுவே இருப்பதே ஆறு நாள். ஒரு வாரம் கழித்து நினைவூட்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் ஓட ஆரம்பித்திருக்கும், அதற்கு முதலில் போன் வருவது ஆடிட்டருக்குத்தான்.

'ஓடிபி_வந்தது' லேபிளில்தான் உங்கள் மாத மாற்றச் சிக்கல் இருக்கிறது. மாதந்தோறும் திரும்பும் வேலையை டிக் செய்தால் டூடூயிஸ்ட் புது வேலை எதையும் உருவாக்குவதில்லை. அதே வேலையின் தேதியை அடுத்த மாதத்துக்கு நகர்த்துகிறது, சப்-டாஸ்க்குகளின் டிக்கை எடுத்துவிடுகிறது. லேபிளை அது தொடாது. அதனால்தான் ஜூன் மாத ஓடிபி ஜூலையிலும் வந்துவிட்டதாகவே காட்டுகிறது. தீர்வு இப்படி: ஒவ்வொரு ஓட்டத்திலும் தாய் வேலையின் டியூ டேட்டை ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முறை படித்த தேதி, குறித்த தேதியைவிட இருபது நாளுக்கு மேல் முன்னேறியிருந்தால் புது மாதம் என்று அர்த்தம். அப்போது மட்டும், அந்த வேலையிலும் அதன் சப்-டாஸ்க்குகளிலும் 'ஓடிபி_வந்தது', 'காத்திருப்பு' இரண்டையும் துடைத்துவிடுங்கள். மனித லேபிளை இயந்திரம் எழுதக் கூடாது என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்பீர்கள். சரி, இது ஒன்றுதான் விதிவிலக்கு. மாதம் மாறியது என்பது தேதியை வைத்தே தெரிகிற விஷயம். இருபது நாள் என்று வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. புயலுக்காக ஏழு நாள் தள்ளிவைத்தால் அதைப் புது மாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி எழுதும் வேலை. உங்கள் அளவுக்கு கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போதும். சர்வர் வேண்டாம், மாதச் செலவு இல்லை, ஷீட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. ஸாப்பியர் போன்ற தானியங்கிச் சேவைகள் 'ஒன்று நடந்தால் ஒன்று செய்' வகைக்கு நன்றாக இருக்கும். எல்லா வேலையையும் தினமும் சுற்றிவந்து ஒப்பிடுவதற்கு அவை ஏற்றவை அல்ல, கட்டணமும் ஓட்டக் கணக்கில் ஏறும். என்8என் உங்கள் சொந்த மெஷினில் ஓடும், நல்ல கருவி. ஆனால் ஆபீஸில் அந்த மெஷினை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வரும்.

ஏதாவது மாறியதும் டூடூயிஸ்ட்டே ஸ்கிரிப்ட்டுக்குத் தகவல் அனுப்பும் வெப்ஹுக் வைத்தால் உடனுக்குடன் நடக்குமே என்று யாராவது சொல்வார்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டோடு அது சரிப்படாது. வெப்ஹுக் உண்மையிலேயே டூடூயிஸ்ட்டிடமிருந்து வந்ததா என்று சரிபார்க்கும் கையெழுத்து, கோரிக்கையின் தலைப்புப் பகுதியில் வருகிறது. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அந்தத் தலைப்பை உங்களுக்குக் காட்டவே காட்டாது. அப்புறம் ஸ்கிரிப்ட் லேபிளை மாற்றினால் அதற்கே ஒரு வெப்ஹுக் வந்து, அது மறுபடி ஸ்கிரிப்ட்டை எழுப்பும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் டைமர் போதும். 3பி ஃபைலிங்கில் பதினைந்து நிமிடத் தாமதத்தால் எதுவும் கெட்டுப்போகாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். நூற்றிருபது கிளையன்ட், தாயும் ஐந்து பிள்ளையும் சேர்த்து 720 வேலைகள். டூடூயிஸ்ட்டில் ஒரு ப்ராஜெக்ட்டில் நிலுவையில் 300 வேலைதான் இருக்கலாம், ஆகவே மூன்று ப்ராஜெக்ட்டாவது பிரித்திருப்பீர்கள். ஏபிஐ, அதாவது ஸ்கிரிப்ட் டூடூயிஸ்ட்டோடு பேசும் வழி, ஒரு பக்கத்துக்கு இயல்பாக 50 வேலை தரும், கேட்டால் 200 வரை தரும், மீதிக்கு அடுத்த பக்கக் குறியைக் கொடுக்கும். இந்தக் குறியைப் பின்தொடர மறந்து, முதல் 50 வேலைக்கு மட்டும் லேபிள் மாறுவதைப் பார்த்துத் தலையைச் சொறிபவர்கள் நிறைய. நான்கு பக்கம், நாளுக்கு 96 ஓட்டம் என்றாலும் 384 வாசிப்புதான். சாதாரண ஜிமெயில் கணக்குக்கு நாளுக்கு 20,000 அழைப்பு வரை அனுமதி இருப்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை. கவனிக்க வேண்டியது ஓடும் நேரம். டைமரில் ஓடும் ஸ்கிரிப்ட்டுகளுக்கு நாள் முழுதும் சேர்த்து 90 நிமிடம்தான், ஒரு ஓட்டத்துக்கு அதிகபட்சம் 6 நிமிடம். 96 ஓட்டம் என்றால் சராசரியாக 56 விநாடிக்குள் முடிய வேண்டும். காலை 9 முதல் இரவு 9 வரை தவிர மற்ற நேரத்தில் முதல் வரியிலேயே வெளியேறிவிடும்படி எழுதினால் பாதி மிச்சமாகும். மாற்றங்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஏபிஐ-யின் சின்க் வழியில் ஒரே அழைப்பில் 100 கட்டளை வரை கட்டி அனுப்பலாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோடுகளில் பல பழைய ரெஸ்ட் ஏபிஐ-யின் 2ஆம் பதிப்பை வைத்து எழுதியவை. இப்போது எல்லாம் ஒருங்கிணைந்த ஏபிஐ-யின் 1ஆம் பதிப்புக்கு வந்துவிட்டது. எண் குறைந்திருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், 1 என்பதே புதியது.

இப்போது மிக முக்கியமான ஒன்று. ஏபிஐ-யில் லேபிளைச் 'சேர்' என்று ஒரு கட்டளை இல்லை. நீங்கள் அனுப்பும் பட்டியல், இருக்கும் பட்டியலை முழுவதுமாக மாற்றிவிடும். 'அடுத்து' என்று மட்டும் அனுப்பினால் அந்த வேலையில் ஏற்கெனவே இருந்த 'காத்திருப்பு' சத்தமில்லாமல் போய்விடும். அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: இருக்கும் லேபிள்களைப் படி, அதில் இயந்திரத்துக்குச் சொந்தமானவற்றை மட்டும் கழி, கணக்கிட்டவற்றைச் சேர், பழைய தொகுப்பும் புதியதும் ஒன்றாக இருந்தால் எதுவும் செய்யாதே, வேறாக இருந்தால் மட்டும் எழுது. கடைசிப் பகுதியை விடாதீர்கள். மாறாதவற்றை எழுதாமல் விட்டால் நேரம் மிச்சம். இயந்திர லேபிள்கள் எல்லாவற்றுக்கும் 'தா_' என்று முன்னொட்டு வையுங்கள், 'அடுத்து' கூட 'தா_அடுத்து' ஆகட்டும். பகிர்ந்த ப்ராஜெக்ட்டில் லேபிள் எல்லோருக்கும் தெரியும், அதைப் பார்த்ததும் இது கையால் போட்டதல்ல என்று புரிந்துவிடும். எழுதும்போது லேபிள் பகுதியை மட்டும் அனுப்புங்கள். கூடவே தேதியையும் அனுப்பினால் 'மாதந்தோறும்' என்ற அமைப்பு கழன்று ஒற்றைத் தேதி ஆகிவிடும்.

தமிழில் லேபிள் வைப்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை. 'போன்_செய்' என்ற லேபிளில் 'போ'-வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கோடில் ஒப்பிட்டால் வேறு வேறு. ஒருவர் மொபைல் கீபோர்டிலும் இன்னொருவர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அடிக்கும்போது இது நடக்கலாம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே அதற்கு நார்மலைஸ் என்ற வசதி இருக்கிறது, ஒரே வரி. இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுவதையும் பழக்கமாக்குங்கள்.

நேர மண்டலம். ஸ்கிரிப்ட் அமைப்பில் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் 'இன்று' என்பது அமெரிக்காவின் இன்றாக இருக்கலாம். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஓட்டுவதாக இருந்தால் அங்கே நேரம் இயல்பாக யூடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 6 மணிக்கு ஓட வேண்டுமென்றால் 0:30 என்று எழுத வேண்டும், நெரிசல் நேரத்தில் தாமதமாகவும் தொடங்கும். தேதிகளை ஒப்பிடும்போது ஜாவாஸ்கிரிப்ட்டின் தேதிப் பொருளாக மாற்றாதீர்கள். '2025-07-20' என்ற வெறும் தேதியை அது யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும், நமக்கு அது காலை 5:30. அதை இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டால் 20ஆம் தேதி காலை ஆபீஸ் திறக்கும்போதே கெடு தாண்டிவிட்டதாகக் காட்டும். ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுத்துச் சரமாகவே ஒப்பிடலாம், சரியாக வரும். மாத மாற்றத்துக்கு நாள் வித்தியாசம் எண்ணும் இடத்தில் மட்டும் பொருளாக மாற்றலாம். அங்கே இரண்டு பக்கமும் வெறும் தேதி என்பதால் பிழை வராது.

ஸ்கிரிப்ட்டை டூடூயிஸ்ட்டுக்குள் விடும் ரகசியச் சரமான டோக்கனைக் கோடுக்குள் எழுதாமல் ஸ்கிரிப்ட் ப்ராப்பர்ட்டீஸில் வையுங்கள். அந்த ஒரு சரம் கையில் இருந்தால் எல்லா வேலையையும் படிக்கலாம், அழிக்கலாம். ஸ்கிரிப்ட்டைப் பார்க்கக்கூடிய ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே புது டோக்கன் எடுத்துவிடுங்கள். இதோடு ஒட்டிய ஒன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: வேலையின் விவரக் கட்டத்தில் போர்ட்டல் யூசர் ஐடி, பாஸ்வேர்டு எழுதி வைத்திருந்தால் அதை முதலில் அழியுங்கள். ஆடிட்டர் ஆபீஸ்களில் இது சர்வசாதாரணம் என்று தெரியும்.

ஸ்கிரிப்ட் நின்றுபோனால் எப்படித் தெரியும்? நின்றது யாருக்கும் தெரியாது, லேபிள்கள் பழைய நிலையிலேயே அமைதியாக இருக்கும், எல்லோரும் அதை நம்பி வேலை செய்வார்கள். இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். டைமர் அமைப்பில் பிழை அறிவிப்பை 'தினமும்' என்பதிலிருந்து 'உடனே' என்று மாற்றுங்கள். அப்புறம் டூடூயிஸ்ட்டிலேயே 'லேபிள் ஓட்டம்' என்று ஒரு வேலை வைத்து, ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் அதன் விவரத்தில் நேரத்தை எழுதச் செய்யுங்கள். காலையில் வருபவர் ஒரு பார்வை பார்த்தால் போதும். ஒரு ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்காமல் இருக்க ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் உள்ள லாக் சர்வீஸும் போட்டுவிடுங்கள்.

முதலில் எழுதாமல் ஓட்டுங்கள். எந்த வேலையில் எந்த லேபிளை எடுத்திருப்பேன், எதைச் சேர்த்திருப்பேன் என்று ஷீட்டில் மட்டும் வரி வரியாகப் போடட்டும். ஆபீஸில் எல்லாக் கிளையன்ட்டையும் அறிந்த சீனியர் யாராவது அதைப் படித்து 'இது தப்பு' என்று சொல்லும் இடங்களைத் திருத்துங்கள். முதல் திருத்தம் அநேகமாக வரிசையில் வரும். இன்புட் கிரெடிட்டே இல்லாத பார்ட்டிக்கு 2பி ஒப்பீடு எதற்கு என்று கேட்பார், அந்த சப்-டாஸ்க்கையே எடுத்துவிடலாம். அது சரியானபின் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் எழுத அனுமதி கொடுங்கள், மற்ற இரண்டையும் அடுத்த மாதம் சேருங்கள். தொடங்கும் நாளையும் பார்த்து வையுங்கள். 14 முதல் 20 வரை, காலாண்டு 3பி வரும் மாதத்தில் 22 வரை, ஆபீஸில் யாருக்கும் புதிதாக எதையும் பார்க்க நேரம் இருக்காது. இந்த மாதம் காலாண்டு 3பி இருந்தால் 23ஆம் தேதி, இல்லாவிட்டால் 21ஆம் தேதி தொடங்குங்கள்.